அத்தைக்குக் காட்டிய மலை

எங்கள் ஊரில் மழை பெய்யாமலேயே ஆறு வரும். தலைக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். கோழிகள் புழுதியில் புரண்டுகொண்டிருக்கும். மேற்கே மலையின்மேல் மட்டும் கறுப்பாக மேகம் கவிந்து, அதற்குள்ளே மின்னல் ஓடுவது தெரியும். அதைக் கண்டதுமே மணலில் ஆடு மேய்க்கிறவர்கள் ஆடுகளைக் கரையேற்றத் தொடங்கிவிடுவார்கள். முதலில் சத்தம் வரும். பிறகு சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் வரும். எங்கோ யாருக்கோ பெய்த மழை வழி தவறி எங்களைப் பார்க்க வந்துவிட்டது போல இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற வண்டித்தடத்தில், அடிவாரத்துக்குச் சற்று இப்பால் இருந்தது எங்கள் ஊர். மலை என்றால் பேர்பெற்ற சிகரம் ஒன்றும் கிடையாது. முதலில் முயல் ஓடுகிற கரடு. அதன் பின்னால் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து படுத்திருக்கிற குன்றுகள். அவற்றுக்கும் பின்னால் நீலமாக ஒரு மதில். அந்த மதிலில் ஓரிடம் மட்டும், அரிசி புடைக்கிற சுளகைக் கவிழ்த்துவைத்தது போல இருக்கும். மாலையில் சூரியன் நேராக அதன் பின்னால்தான் போய் விழும். அந்தச் சுளகுக்குக் கீழேதான் என் மாமா மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. மலையில் மரமும் மூங்கிலும் வெட்ட ஏலம் எடுத்த காண்டிராக்டர் ஒருவரிடம் வேலை. வருடத்தில் பாதி நாள் காட்டிலேயே குடிசை போட்டுத் தங்கிவிடுவார். அப்பாவோ கூடை முடைகிறவர். மாமா வெட்டுவதும் அப்பா முடைவதுமாக, ஒரே மூங்கில் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குச் சோறு போட்டது. பருத்தி சுமக்கிற பெருங்கூடை, மண் அள்ளுகிற தட்டுக்கூடை, சுளகு, கோழி கவிழ்க்கிற கூடு, எல்லாம் முற்றத்தில் வளரும். அப்பா மூங்கிலைப் பிளந்து, வெளித்தோலைத் தனியாகவும் உள்சதையைத் தனியாகவும் சீவிப் போடுவார். தோல் கூடையின் உயிர் என்பார். சதை அடுப்பெரிக்கத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு, அதையும் வீணாக்காமல் பாய்க்கு விளிம்பு கட்டிவிடுவார்.

மலையிலிருந்து மூங்கில் வண்டியில் வருவதும் உண்டு. ஆனால் அப்பாவுக்கு ஆற்றில் வருகிற மூங்கில்தான் வேண்டும். தண்ணீரில் ஊறி வந்ததில் வண்டு விழாது. ஆகவே மலையில் மழை பிடித்ததும் மாமா நல்ல கழிகளாகப் பொறுக்கி, காட்டுக்கொடியால் கட்டுக்கட்டாகக் கட்டி, ஆற்றில் தள்ளிவிடுவார். பாதி பாறைகளில் சிக்கி நின்றுவிடும். மீதி எங்கள் ஊர் மணல்திட்டில் வந்து மோதும். ஊர் ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்துப் போடுவார்கள்.

அந்தக் கட்டுகளில் ஏதாவது ஒன்றுக்குள் எனக்கென்று ஒரு மூங்கில் குழாய் இருக்கும். ஒரு பக்கம் கணு, மறுபக்கம் தேன்மெழுகு வைத்து அடைத்திருக்கும். மெழுகைப் பல்லால் கடித்து எடுத்தால் உள்ளே மலைத்தேன். சில தடவை நெல்லிக்காய், முள்ளம்பன்றி முள், ஒருமுறை மயில்தோகையின் கண். எது இருந்தாலும் அதைச் சுற்றிச் செண்பகப்பூ திணித்திருக்கும். எனக்கு அந்தப் பூவின் வாசம் தலையை வலிக்கச் செய்யும். வருகிற வழியில் குலுங்காமல் இருப்பதற்காக மாமா அதை அடைத்து அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தேன் எனக்கு, பூ அத்தைக்கு என்பது எங்கள் பங்கு. இதில் எனக்கே லாபம் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாமல் அண்ணன் வீட்டில் வளர்ந்தவள். ஆறு வருகிற நாளில் அவளுக்கு என்னைவிட அவசரம். கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, "வாட்டி, உன் மாமா என்ன அனுப்பிருக்காவன்னு பாப்போம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். ஆற்றங்கரையில் வேறு பெண்களும் நிற்பார்கள். அவர்கள் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். நான் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எண்ணி, அடுத்த தடவை இன்னும் வேகமாக ஓடுவேன்.

மாமா மலையிலிருந்து இறங்கி வருகிற நாட்களில் அத்தை அதிகம் பேசமாட்டாள். மாமாதான் பேசுவார். ஊருக்கு வந்ததும் அவர் வாய்க்கு ஓய்வு கிடையாது. யானை வந்தது, கரடி வந்தது, பாறைக்கு மேலே நின்றால் இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமும் அந்தப் பக்கம் திருவிதாங்கூர்ச் சீமையும் தெரியும் என்று அளப்பார். "அத்தான் சொல்லுததுல அரைவாசியக் கழிச்சுக்கிடணும்," என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும். "எந்த அரைவாசின்னு நீயே சொல்லுட்டி," என்பார் மாமா. அம்மா அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

அப்போதுதான் இராஜபாளையத்தில் பஞ்சு மில் வந்த புதிது. நூல் கண்டுகளை அள்ளுவதற்கு மில்லுக்குக் கூடை நிறைய வேண்டியிருந்தது. அப்பா வண்டி நிறையக் கூடை ஏற்றிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது மில்லைப் பற்றிய அதிசயங்களை ஏற்றிக்கொண்டு வருவார். சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கிறதாம். மழை பெய்தாலும் காய்ந்தாலும் மாதம் பிறந்தால் சம்பளமாம். அப்படிப் போய்வந்த ஒரு தடவை, மில்லில் கூடை எண்ணி வாங்குகிற ஒரு வாலிபரைப் பற்றிச் சொன்னார். வேதக்காரக் குடும்பம்தான், நம் சபைதான், குடிப்பழக்கம் கிடையாது, தாய் மட்டும் இருக்கிறாள் என்றார். அதற்கு அடுத்த தடவை அந்தத் தாயே வண்டியில் வந்து இறங்கினாள். அத்தை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மாள் செம்பை வாங்கும்போது அத்தையின் கையையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். கூடை முடைகிற வீட்டுக் கையில் கீறல் இல்லாமல் இருக்குமா. அந்தக் கீறல்களை அவள் தடவிக் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்று சாயங்காலமே அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்.

மாமா அப்போது மலையில் இருந்தார்.

அந்த ஐப்பசியில் மலை நன்றாக இருட்டியது. வாக்குக் கொடுத்த வாரமே ஆறு வந்தது. அன்றைக்கு அத்தை என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். கரையில் நின்ற பெண்களும் அன்று எதுவும் சொல்லிச் சிரிக்கவில்லை. கட்டுகள் ஒவ்வொன்றாக வந்து மணல்திட்டில் முட்டின. அப்பா இழுத்துப் போட்ட கட்டு ஒன்றில் என் குழாய் இருந்தது. மற்ற வருடங்களைவிடப் பருமனாக இருந்ததால் தேன் அதிகம் என்று மகிழ்ந்து மெழுகைக் கடித்தேன்.

உள்ளே தேன் இல்லை. நெல்லிக்காயும் இல்லை. பூவைக் கொட்டக் கொட்ட வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு சீப்பு. மூங்கிலில் செதுக்கிய சீப்பு. ஒவ்வொரு பல்லும் நெல்முனை போலத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தது. மேல்பட்டையில் ஒரு கொடி ஓடியது. அதன் நுனியில் சின்னதாக ஒரு சுளகு. மலையைத்தான் அப்படிச் செதுக்கியிருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு ஏமாற்றம்தான். நக்கித் தின்ன முடியாத பொருளை ஒரு மாமா எதற்காக அனுப்ப வேண்டும்? ஆனாலும் என் பொருள் என்பதால் தலையில் செருகிக்கொண்டேன். அது நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டாள்: "ஒரு தடவ சீவிட்டுத் தாரேன், குடுக்கியாட்டி?"

பெரிய மனது பண்ணிக் கொடுத்தேன். அவள் முற்றத்தில் ஆட்டுரல்மேல் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து விட்டாள். அவள் முடி ஆட்டுரலைத் தாண்டித் தரையைத் தொடும். உச்சியிலிருந்து தொடங்கி நுனிவரைக்கும் மெல்ல இழுத்தாள். பிறகு மறுபடியும் உச்சியிலிருந்து. சிக்கு எல்லாம் போன பிறகும் சீவிக்கொண்டிருந்தாள். வெயில் முற்றத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விட்டது. நான் சிணுங்கத் தொடங்கினேன். அவள் சீப்பின் பற்களில் சிக்கியிருந்த முடிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. உன் மாமா உனக்கு அனுப்புனது. பத்திரமா வச்சுக்க."

பூவை அவள் எடுக்கவில்லை. அது முற்றத்தில் கிடந்தது. கோழிகள் கிளறிப் பார்த்துவிட்டுப் போயின.

அம்மா அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டுச் சீப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் தலைமேல் வைத்துப் பார்த்தாள். அது என் ஒரு காதிலிருந்து மறுகாதுவரை இருந்தது. "இது பிள்ளத் தலைக்குச் செஞ்ச சீப்பு இல்லையே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வளர வளரச் சரியாகிவிடும் என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். பாவாடை தைக்கும்போது அவளே எனக்குச் சொல்கிற ஆறுதல்தான் அது.

அன்று சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் கேட்டாள். "என்னைய இங்க குடுத்த வீட்டுல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. என் தம்பிக்கு உரிமை உண்டுமில்ல?"

அப்பா உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அம்மாவும் பேசியிருப்பாள். "உன் தம்பிய நான் கொற சொல்லல," என்றார். "உங்க அப்பா எப்படிப் போனாவ? மலைக்காய்ச்சல்லதான. இவனும் வருசா வருசம் குளிர் கண்டு கெடக்கான். எனக்கு இருக்கது ஒரு தங்கச்சி. அவளையும் கொண்டுபோயி அந்தக் காட்டுல விடச் சொல்லுதியா?"

தன் அப்பா காய்ச்சலில் பிதற்றியபடி மலையிலிருந்து தூளியில் இறக்கப்பட்டதை அம்மா பார்த்தவள். அத்தை எங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றதா என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் குழம்பில் இருந்த கருவாடுதான் தெரிந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். ஓலை என்று பெயர், வாசிப்பது காகிதத்தில்தான். இன்னார் மகனும் இன்னார் மகளும் விவாகம் செய்ய இருக்கிறார்கள், இதற்குத் தடை அறிந்தவர்கள் உண்டானால் சொல்லலாம் என்று உபதேசியார் வாசித்துவிட்டுச் சற்று நிறுத்துவார். யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு பாட்டு. முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு, நாங்கள் கோயிலுக்குள் போய் உட்கார்ந்த பிறகு, மாமா வந்தார். அம்மா யார் மூலமோ சொல்லியனுப்பியிருக்கிறாள். காட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், வேட்டியில் ஒட்டுப்புல் அப்படியே இருந்தது. ஆண்கள் பக்கத்தில் கடைசியாக, சுவரோரம் உட்கார்ந்தார்.

நான் அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையில் விரித்திருந்த ஓலைப்பாயிலிருந்து ஒரு கீற்றை உருவிக்கொண்டிருந்தார். உபதேசியார் வாசித்தார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். நிறுத்தினார். வெளியே வேப்பமரத்தில் மரங்கொத்தி ஒன்று கொத்திக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைவிட அன்று அவர் அதிக நேரம் நிறுத்தியதாக இன்றும் எனக்குத் தோன்றுகிறது. அப்பா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். எனக்குப் பசி. சீக்கிரம் பாடித் தொலைத்தால் வீட்டுக்குப் போகலாமே என்று இருந்தது.

மாமா இருமினார். பல தலைகள் திரும்பின. அவர் அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. உபதேசியார் பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்தபோது மாமா மட்டும் குனிந்து, உருவிய கீற்றைப் பாயில் இருந்த இடத்திலேயே திருப்பிச் செருகிக்கொண்டிருந்தார்.

மாமா திரும்பி மலைக்குப் போய்விடுவார் என்று நான் பயந்தேன். போகவில்லை. கல்யாணப் பந்தலை அவரே போட்டார். அதற்கென்று அடிவாரத்தில் புது மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தார். அப்பா, "நீ எதுக்கு மாப்ள, ஆள் வச்சுக்கிடலாம்," என்று தடுத்துப் பார்த்தார். "ஆளுக போட்டா காத்துல ஆடும்," என்று மாமா சொன்னார். அப்பா அவருடன் சேர்ந்து குழி தோண்டினார். இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். கழியைப் பிடி, கயிற்றைக் கொடு என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அப்பா அன்று ஒரு தடவை மாமாவின் தோளில் கை வைத்தார். கழி சரிகிறது என்று நினைத்துப் பிடித்தார் போலும் என்று நான் எண்ணினேன்.

வெயில் ஏறியபோது அத்தை செம்பில் மோர் கொண்டுவந்தாள். அப்பா தென்னங்கீற்று வாங்கப் போயிருந்தார். மாமா பந்தலின் குறுக்குக் கழியில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கீழே கயிற்று உருண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை செம்பை எம்பி நீட்டினாள். அவர் வாங்கவில்லை, அவளும் கையை இறக்கவில்லை.

"மலையில நல்ல மழையா?" என்று கேட்டாள்.

"நல்ல மழதான்."

"ஆறு வந்துச்சு."

"சொன்னாவ."

"நீங்க விட்டது எல்லாம் வந்து சேந்துச்சு. ஒண்ணும் தப்பிப் போவல."

மாமா கயிற்றை இழுத்து இறுக்கினார். "கொஞ்சம் பிந்தித்தான் விட்டேன்," என்றார்.

"தண்ணி வந்தாத்தான விட முடியும். அதுக்கு நீங்க என்ன செய்விய?"

அவர் செம்பை வாங்கிக் குடித்தார். முழுவதையும் குடித்துவிட்டுச் செம்பை என்னிடம் கொடுத்தார். அத்தை உள்ளே போய்விட்டாள். அவள் அன்று அவரை அத்தான் என்று கூப்பிடவில்லை என்பது எனக்கு உடனே உறைத்தது. கல்யாணப் பெண் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன். மற்றபடி அவர்கள் பேசியது மூங்கிலைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? உருண்டையிலிருந்து கயிற்றை விட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தல் காற்றில் ஆடவில்லை. மாப்பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்தவர், வெட்கப்படுகிறவர். எவ்வளவு வாரியும் அவர் காதோர முடியில் பஞ்சு இழை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பெண்ணுக்குத் துணையாக என்னை அத்தையுடன் இராஜபாளையத்துக்கு அனுப்பினார்கள். நான்தான் கல்யாணப் பெண் என்பது போல வண்டியில் முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

இராஜபாளையம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளையையும் நான் மாமா என்றுதான் கூப்பிட வேண்டும், ஆனால் ஒரு மாமா ஏற்கெனவே இருந்ததால் அவரை மில் மாமா என்றேன். அவர் வேலைவிட்டு வரும்போதெல்லாம் எனக்குப் பொரிகடலை வாங்கி வருவார். அத்தையிடம் பேசுவதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்ததால், அவளிடம் கேட்க வேண்டியதை எல்லாம் என்னிடம் கேட்பார். "உங்க அத்தைக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கிடுதாமா? உங்க அத்தைக்குச் சங்குச் சத்தத்துல தூக்கம் கெடுதா?" அத்தை என்னிடம் பதில் சொல்வாள். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இருவருக்கும் நடுவே நான் ஓடி ஓடிச் சேதி சொன்னேன். என்னால்தான் அந்த வீடு நடக்கிறது என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது.

அந்த வீட்டுக் கொல்லையில் நின்றால் மேற்கே மலை தெரியும். எங்கள் ஊரில் தெரிகிற அதே மலைத்தொடர்தான், ஆனால் அங்கிருந்து பார்த்தால் எல்லாமே மாறியிருந்தது. பழக்கமான குன்று ஒன்றுகூட இல்லை. சுளகு இல்லை. புதிதாக ஒட்டகத்தின் முதுகு போல ஒன்று, பல் போல ஒன்று. போன மறுநாளே அத்தை என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நம்ம மலை இதுல எது?"

நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் சூரியன் சுளகின் பின்னால்தான் விழும். ஆகவே எதன் பின்னால் சூரியன் விழுகிறதோ அதுதான் எங்கள் மலை. அன்று மாலை அவளைக் கூட்டிக்கொண்டு போய், சூரியன் இறங்கிய இடத்தை விரலால் காட்டினேன். அது பல் போல இருந்த சிகரம்.

"சுளகு மாதிரி இல்லையேட்டி?"

"பக்கவாட்டுல பாத்தா சுளகு இப்படித்தான அத்தை இருக்கும்," என்றேன். அவளே உள்ளே போய் ஒரு சுளகை எடுத்துவந்து, பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்தாள். "ஆமாட்டி," என்றாள்.

அதற்குப் பிறகு அரிசியில் கல் பொறுக்குவதும் கீரை ஆய்வதும் கொல்லையில்தான். அந்தச் சிகரத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். மலையில் மேகம் கட்டினால் கை நின்றுவிடும். "அங்க மழை போலுக்கே," என்பாள். மில் மாமா ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டார். அவள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "உங்க அத்தை என்ன பாக்கா?"

"எங்க ஊரு மலைய," என்றேன்.

அவர் அவள் பக்கத்தில் போய்க் குனிந்து, அவள் பார்க்கிற பக்கத்தைத் தானும் பார்த்தார். கொல்லையில் இருந்த முருங்கை மரத்தின் கிளை ஒன்று அந்தச் சிகரத்தைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தது. காய்த்துத் தொங்கிய கிளை. அவர் அரிவாளை எடுத்து வந்து அதை வெட்டிப் போட்டார். அவருடைய தாய் உள்ளேயிருந்து, "காய்ப்பு மரத்தை எதுக்குல வெட்டுத?" என்று சத்தம் போட்டாள். "அவளுக்கு ஊரு தெரியட்டும்மா," என்றார் மில் மாமா. என்னை நடுவில் வைக்காமல், அத்தையின் காது கேட்க அவர் அவளைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. அத்தை எழுந்து நின்று அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, வெட்டிய கிளையிலிருந்து காய்களை ஒடித்து மடியில் சேர்த்தாள். அன்று முருங்கைக்காய்க் குழம்பு. குழம்பு கொதிக்கும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். ஊர் நினைப்பு என்று நான் மில் மாமாவுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் காட்டியது வேறு மலை. பெரியவளாகி, திசையும் தூரமும் புரிந்த பிறகு ஒருநாள் அந்தக் கொல்லையில் நின்று பார்த்தேன். எங்கள் சுளகு அங்கிருந்து வடக்கே வெகுதூரம் தள்ளி, தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் இருக்கிறது. மரம் ஏறினாலும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. அந்தத் தை முடிவதற்குள்ளேயே மாமா மூங்கில் வெட்டுகிற வேலையை விட்டுவிட்டு, மலை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கேயே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருக்குக் காய்ச்சல் வராதிருக்க ஜெபம் செய்வாள். ஆக, மலை சரியாக இருந்திருந்தாலும் அதில் ஆள் இல்லை. இதையெல்லாம் அத்தையிடம் நான் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்குப் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகளுக்கும் அந்தச் சிகரத்தைக் காட்டி, அம்மா ஊர் மலை என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். மில் மாமா இருந்தவரைக்கும் அந்தப் பக்கம் ஒரு கிளையை வளரவிடவில்லை.

என்னை அழைத்துப்போக அப்பா வந்த நாள் நினைவுக்கு வருகிறது. சாயங்காலம். வண்டி வாசலில் நின்றது. அப்பாவும் மில் மாமாவும் கூடைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை எனக்குத் தலைசீவிப் பூவைத்து, புதுப் பாவாடை உடுத்தி, பிறகு யாருக்கும் தெரியாமல் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள்.

"அதுதானட்டி? நல்லாப் பாத்துச் சொல்லு."

வண்டி போய்விடுமோ என்ற அவசரத்தில் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதேதான் அத்தை. எத்தன தடவ சொல்ல?" என்றேன்.

"சரி. நீ போயிட்டு வா," என்றாள்.

வண்டியில் ஏறியதும் நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். இவ்வளவு பெரியவளாகியும் சொந்த மலையை அடையாளம் தெரியாமல், என்னைப் போலச் சிறுபிள்ளையிடம் கேட்கிறாளே என்று எனக்கு ஒரே சிரிப்பு. ரயில்வே கேட் தாண்டுகிறவரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். அப்பா ஏன் கூடச் சிரிக்கவில்லை, ஏன் மாடுகளை இல்லாத அவசரத்துக்கு அதட்டி ஓட்டினார் என்று எனக்கு விளங்கவில்லை.